பனங்காட்டுக்கு முடிவெட்டிய நாள்

நான் முதன்முதலாகக் கட்டிய ஊர் முப்பதடி நீளம், பன்னிரண்டடி உயரம். சுவரோடு சுவராக நிமிர்ந்து நின்ற ஊர் அது. மூவாயிரத்துச் சொச்சம் வீடுகள், இரண்டு துறைமுகங்கள், ஒரு கலங்கரை விளக்கம், பஞ்சாலைப் புகைபோக்கிகள், உப்பளங்கள், மேற்கே நாலாயிரம் பனைமரங்கள். ஊரின் பெயர் தூத்துக்குடி. அதைக் கட்டி முடித்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். உங்கள் வேலைக்கும் என் வேலைக்கும் அடிப்படையில் பேதமில்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவன் கண் முன்னால் ஓர் ஊரை வைக்க வேண்டும். அவன் அதை நம்ப வேண்டும். நீங்கள் கணினியில் வைக்கிறீர்கள். எழுபதுகளில் நாங்கள் பலகையில் ஒட்டினோம். பலகைக்கு எதிரே தண்டவாளத்தில் நகரும் ஒரு கேமரா தொங்கும். அந்தப் பக்கம் ஒரு மரப்பெட்டிக்குள் விமானியின் இருக்கை, கைப்பிடி, உயரம் காட்டும் முள், ஒரு தொலைக்காட்சித் திரை. பெட்டிக்குள் இருப்பவர் கைப்பிடியை அசைத்தால் இங்கே கேமரா ஊரின் மேல் பறக்கும். அது காண்பதெல்லாம் திரையில் அவருக்குத் தெரியும். பெட்டி மட்டும் சிமெண்டுத் தரையில் ஆணியடித்தபடி அசையாமல் இருக்கும்.

பயிற்சி நிலையத்தில் அப்போது இருந்தது வெளிநாட்டுப் பலகை. பச்சைப் புல்வெளி, கூம்புக் கூரைகள், மலைமேல் பனி. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பனி என்று பழகிய பையன்கள் எங்கள் கரையோரம் பறந்து வந்து, உச்சி வெயிலில் உப்பளத்தைக் கண்டு திகைத்துப் போனார்கள். நம் கரைக்கு நம் பலகை வேண்டும் என்று நிலையம் தீர்மானித்தது. அந்த வேலைக்குப் பொறுப்பேற்ற சீஃப் இன்ஜினீயர் புதிய துறைமுகத்தைப் பார்க்க வந்தபோது, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துறைமுக மாதிரியைக் கண்டார். அதைச் செய்தவன் நான். "இதைச் செஞ்சவன் எவன்?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் பட்டறை முன்பு உப்பு மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கி. எனக்குத் துணையாக ஆறு பெண்கள். அவர்களுக்குத் தலைவி பிலோமினா. சிப்பியில் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தவள். அவள் அப்பா சங்கு குளிக்கிறவர். துவரம்பருப்பு அளவு வீட்டை ஊசிமுனையில் எடுத்து, கை நடுங்காமல் தெருவில் வைத்து, "குடி போயாச்சு" என்பாள். நாளொன்றுக்கு நூறு குடும்பங்களைக் குடியேற்றினாள்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் முட்டாள்தனம் அங்கேதான். கடலுக்குச் சரியான நீலம் வேண்டும் என்று நான் மூன்று வாரம் அலைந்தேன். காலையில் ஒரு வள்ளத்தில் போய்ப் பார்த்தேன். நடுப்பகலில் கடற்கரையில் நின்று பார்த்தேன். முயல்தீவுப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் பச்சை எங்கே தொடங்குகிறது என்று குறிப்பெடுத்தேன். பதினோரு வகை நீலம் கலந்தேன். தீட்டி முடித்த அன்று எனக்கே உப்புக் காற்று வீசியது போல இருந்தது. மறுவாரம் கேமரா வந்தது. கறுப்பு வெள்ளைக் கேமரா. திரையில் என் கடலும் பஞ்சாலைத் தகரக் கூரையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

சீஃப் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ எந்த நீலம்னு சொன்னே?"

பிலோமினா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அதிலிருந்து நான் வண்ணம் கலக்கும்போதெல்லாம் பக்கத்தில் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துக்கொண்டேன். பார்க்கப் போகிற கண் எது என்று தெரிந்துகொண்டு தீட்ட வேண்டும் என்று புரிந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். மனிதன் ஒரு பாடத்தை ஒரு பொருளுக்கு மட்டும்தான் படிக்கிறான். நிறத்துக்குப் படித்த பாடம் எனக்கு உயரத்துக்கு வரவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பலகையில் விமானம் இறங்க ஓர் ஓடுபாதை வேண்டும். அப்போது தூத்துக்குடியில் விமான நிலையம் கிடையாது. ஆகவே நாங்களே ஒன்று போட்டோம். மாப்பிள்ளையூரணிப் பக்கம், பனங்காட்டை ஒட்டி, நல்ல சமதரையாகப் பார்த்துக் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டினேன். மூன்றாம் நாள் கிட்டங்கி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து நின்றார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கையில் பத்திரத்தின் நகல் இருந்தது.

"விமான நிலையம் வருதாமே. என் பனைவிளையை எடுத்துக்கிட்டியளாமே."

"அண்ணாச்சி, இது பலகை. பழகுறதுக்குச் செய்யுத மாதிரி."

"காட்டுங்க."

காட்டினேன். அவர் ஏணியில் ஏறி, மூக்கு பலகையில் இடிக்கிற அளவு நெருங்கிப் பார்த்தார். அரசாங்க வரைபடத்தை வைத்து நாங்கள் கிணறு, வேலி, மண்பாதை எல்லாம் போட்டிருந்தோம். அவருடைய கிணற்றுக்கு நேர் மேலே என் ஓடுபாதை போனது.

"இது என் கிணறு."

"ஆமா அண்ணாச்சி."

"இன்னைக்கு மாதிரியில எடுத்தா, நாளைக்கு நிசத்துல எடுப்பாவ. ஒரு விரற்கடை வடக்க தள்ளிப் போடுங்க தம்பி."

சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு விரற்கடை தள்ளுவதால் எந்த விமானமும் விழப்போவதில்லை. தள்ளினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கூடைப் பதநீர்க் கலயங்களோடு வந்தார். பாதை இப்போது யார் நிலத்தில் கிடக்கிறது என்று கேட்டேன்.

"என் மச்சான் விளையில. அது கிடக்கட்டும்."

அதற்குப் பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமைகளிலும் வந்தார். ஏணியில் ஏறித் தன் நிலத்தைப் பார்ப்பார். ஊரிலிருக்கும் நிலத்தைவிட இதை அவர் அதிகம் பார்த்திருப்பார். ஒருநாள் ஏணியில் நின்றபடியே கேட்டார்:

"தம்பி, இந்தப் பனையில எவன் ஏறுவான்?"

"ஏன் அண்ணாச்சி?"

"என் பனை உங்க கோபுரத்துக்குச் சமமா நிக்கே. இந்த உயரத்துக்கு ஏறுனா ஆளு காலையில போயி சாயங்காலந்தான் இறங்குவான்."

நான் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். எங்கள் கணக்கில் ஒரு பனை ஒரு சோற்றுப் பருக்கை உயரம்தான் இருக்க வேண்டும். முதலில் அப்படித்தான் நட்டோம். தூரிகை செய்யும் பனந்தும்பு நாரைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியில் பசை தொட்டு, பச்சைச் சாயமேற்றிய மரத்தூளில் முக்கி எடுத்தால் அச்சு அசல் பனை. ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தபோது பனங்காடு மூன்று நாள் தாடி போலத் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நாலடி தள்ளித்தான் நிற்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பருக்கை உயரத்துக்கு மாற்றி நட்டேன். காடு கம்பீரமாக எழுந்து நின்றது. வந்தவர்கள் எல்லாம் "பனைன்னா இதுதான் பனை" என்றார்கள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அண்ணாச்சி வரத் தொடங்குவதற்கு முன்பே ஊர் ஒருமுறை கடலில் விழுந்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

வீடுகளை ஒட்ட நான் மெழுகுப் பசை வைத்திருந்தேன். மாதா கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகைப் பிலோமினா கொண்டு வருவாள். அதில் கொஞ்சம் குங்கிலியம் சேர்த்து உருக்குவோம். தவறாக வைத்த வீட்டைப் பிறகு நகர்த்தலாம் என்பது அதில் வசதி. பலகை அதுவரை தரையில் கிடந்தது. பிறகு அதை நிமிர்த்தி நிறுத்தினோம்: பனங்காடு மேலே, ஊர் நடுவில், கடல் கீழே. கேமராவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று எதிரே இருநூறு விளக்குகள் வந்தன. எல்லாவற்றையும் முதன்முதலாக ஏற்றிய காலையில் கிட்டங்கி ரொட்டி அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. அரைமணி நேரம் போயிருக்கும்.

"அண்ணே," என்றாள் பிலோமினா, மிக நிதானமாக. "மாதா துறைமுகத்துக்குப் போயிட்டு வாரேன்னு இறங்கிட்டாவ."

பார்த்தால் மாதா கோவில் இரண்டு கோபுரங்களோடும் கடற்கரைச் சாலையைத் தாண்டித் தண்ணீரில் இருந்தது. அது இருந்த இடத்தை நோக்கிச் சிவன் கோவில் வந்துகொண்டிருந்தது. பின்னால் பஜார். பஜாருக்குப் பின்னால் ரயில் நிலையம். யாரும் அவசரப்படவில்லை, ஊர் மொத்தமும் திருவிழாவுக்குப் போவதுபோல மெதுவாகக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"லைட்டை அணை!" என்று கத்தினார் சீஃப். ஒருவன் விளக்கு விசையை நோக்கி ஓடினான்.

"அணைக்காதே," என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

ஏன் அப்படிக் கத்தினேன் என்பதைக் கத்திய பிறகுதான் யோசித்தேன். விளக்கை அணைத்தால் மெழுகு இறுகிவிடும். தூத்துக்குடி கடலுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக அப்படியே உறைந்துபோகும். ஆறு மாத வேலையைச் சுரண்டி எடுக்க வேண்டும். மெழுகு இளகி இருக்கும்வரைதான் எங்களுக்கு நேரம். "எல்லாரும் ஆளுக்கொரு தெரு," என்றேன். பெண்கள் கொண்டை ஊசிகளை உருவினார்கள். ஏணிமேலும் பெஞ்சுமேலும் நின்று வீடுகளை மேலே தள்ள ஆரம்பித்தோம். நாங்கள் தள்ள, அது இறங்க, நாங்கள் தள்ள, அது இறங்க. வேர்வையில் கண் தெரியவில்லை. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அது ஆறு பேருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே சிவன் கோவிலைக் குளக்கரைக்கு ஏற்றினார்கள். சீஃப் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ரயில் நிலையத்தைக் கட்டைவிரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதா கோவிலைப் பிலோமினா தானே கொண்டுபோய் வைத்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

எல்லாம் இடத்துக்கு வந்ததும், "இப்ப அணை" என்றேன். இருட்டில் ஏழெட்டுப் பேர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாளே தச்சர்கள் வைத்திருக்கும் வச்சிரப் பசைக்கு மாறினோம். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பசையைப் பற்றியல்ல. ஏதாவது சரியத் தொடங்கினால் முதலில் கை போகிற விசை சரியான விசைதானா என்று ஒரு நொடி பாருங்கள். அந்த ஒரு நொடி எப்போதும் இருக்கிறது.

இனி, தேர்வு நாள்.

பலகையைப் பரிசோதிக்கப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு கேப்டன் வந்தார். எங்கள் கரையோரம் பல வருஷம் சிறிய விமானம் ஓட்டியவர். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. அவர் கையெழுத்துப் போட்டால் பலகை நிலையத்துக்குப் போகும். கூடவே இன்னும் ஐந்து ஊர்களுக்குப் பலகை செய்யும் வேலை எங்களுக்கு வரும். போடாவிட்டால் கிட்டங்கி மறுபடி உப்புக் கிட்டங்கியாகிவிடும். பிலோமினாவும் மற்ற ஐந்து பேரும் சிப்பிப் பொம்மைக்குத் திரும்ப வேண்டியதுதான். சீஃப் காலையிலேயே லட்டு வாங்கி வைத்துவிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை, ஆகவே அண்ணாச்சியும் இருந்தார்.

ஒன்பதரை மணிக்குக் கேப்டன் பெட்டிக்குள் உட்கார்ந்தார். நாங்கள் வெளியே இருந்த இன்னொரு திரையில் பார்த்தோம். கடல் பக்கமிருந்து வந்தார், துறைமுகத்தைக் கடந்தார், ஊருக்கு மேல் ஒரு வட்டம் போட்டார். "பரவாயில்லையே" என்று அவர் சொன்னது பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. பிறகு ஓடுபாதைக்குத் திரும்பினார். இறங்கும்போது தரைக்கு மேல் முப்பதடிக்குள் வந்ததும் விமானத்தின் மூக்கை நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் சக்கரம் பூப்போல உட்காரும். அவர் நிமிர்த்தினார். முள் அறுபதடி காட்டியது. அறுபதடி உயரத்தில் விமானம் தவித்து நின்று, கல்லைப் போல விழுந்தது.

"மறுபடியும்," என்றார் கேப்டன்.

மறுபடியும் அதேபோல விழுந்தார். மூன்றாவது தடவையும் விழுந்தார். சீஃப் முகத்தில் ரத்தமே இல்லை. கேமராவைப் பார்த்துக்கொள்கிறவர் பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். முள்ளைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாலாவது தடவை கேப்டன் மிக அழகாக இறங்கினார். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. கிட்டங்கி முழுக்கக் கைதட்டல். கேமராக்காரர் சீஃபைக் கட்டிப்பிடித்தார். யாரோ லட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். கேப்டன் வெளியே வந்து, "ஒரு மாதிரி பழகிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எனக்குக் கைதட்ட வரவில்லை. பக்கத்தில் பிலோமினாவும் தட்டவில்லை.

"அண்ணே," என்றாள் மெல்ல. "அப்பா கடல்ல குனிஞ்சு பாத்தே ஆழம் சொல்லிருவாவ. அடியில கிடக்க சங்கு எம்புட்டுப் பெருசா தெரியுதுன்னு வச்சுத்தான் சொல்லுதது. சங்கு இருமடங்கா இருந்தா, தரை பக்கத்துலதான் இருக்குன்னு நெனச்சிருவாவல்லா?"

நான் பனங்காட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேப்டன் பனையைப் பாத்துத்தான இறங்குதாவ," என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. கேப்டன் மூன்று தடவை விழுந்ததற்குக் காரணம், அவருடைய கண் சரியாக இருந்ததுதான். நிஜப் பனைக்குப் பழகிய கண் அது. நாலாவது தடவை அவர் என் பனைக்குப் பழகிவிட்டார். இதே பலகையில் பழகப் போகிற பையன் ஒருவன், வேறு பனையை அறியாதவன், நிஜமான பனங்காட்டுக்கு மேல் வரும்போது, பனை பாதியாகத் தெரிய, தான் நூற்றிருபதடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அறுபதடியில் இருப்பான். மிச்சம் அறுபதடி அவன் கண்ணில் மட்டும்தான் இருக்கும்.

சொல்லாமல் இருக்கலாம் என்றும் தோன்றியது. அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கையெழுத்து வாங்கிக்கொள்வோம், பலகை இங்கிருந்து கிளம்புவதற்குள் சத்தமில்லாமல் பனையைக் குட்டையாக்கிவிடுவோம் என்று ஒரு கணக்குப் போட்டேன். பேனா மூடி திறந்தது. அந்தச் சின்னச் சத்தம் என் காதில் பெரிதாக விழுந்தது.

"சார், நீங்க கடைசியா இறங்கினது தப்பு சார்," என்றேன்.

கைதட்டல் நின்றது. லட்டு பாதி வாயிலிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன தப்பு?" என்றார் கேப்டன்.

"முதல் மூணும்தான் சார் சரி. பனை இருமடங்கு உயரம் இருக்கு. நான்தான் வச்சேன்."

"தெரிஞ்சேவா?"

"அழகா இருக்கும்னு வச்சேன் சார்."

சீஃப் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. "உனக்குப் பைத்தியமாடா?" என்று மட்டும் கேட்டார், கிட்டத்தட்ட அன்போடு.

கேப்டன் பலகைக்குப் போய்ப் பனங்காட்டை நெருங்கி நின்றார். அண்ணாச்சி ஏணியிலிருந்து, "நான் அப்பமே சொன்னேன்" என்றார். கேப்டன் பேனாவை மூடினார். "என் ரயில் சாயங்காலம். நாலு மணிக்கு மறுபடி உக்காருவேன். அதுக்குள்ள முடியுமா?"

நாலாயிரம் மரங்கள், ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அன்றைக்கு நேர்மை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் செலவழித்துவிட்டிருந்தேன். "முடியும் சார்" என்றேன்.

ஒவ்வொரு மரமாகப் பிடுங்கி நட நேரமில்லை. நின்றபடியே வெட்ட வேண்டும். கத்திரிக்கோலால் வெட்டிப் பார்த்தோம். ஒன்று உயரம், ஒன்று குட்டை. அண்ணாச்சி ஏணியிலிருந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். பத்து நிமிஷத்தில் தெருமுனைச் சலூன்காரரோடு திரும்பி வந்தார். சலூன்காரர் கையில் தகரப்பெட்டி.

"ஆளு எங்க?" என்று சுற்றிலும் பார்த்தார் அவர்.

"ஆளு இல்ல வே. அந்தச் சொவரு," என்றார் அண்ணாச்சி.

சலூன்காரர் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பனங்காட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தொழிலாளி என்றால் அவர்தான் தொழிலாளி. எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. "மெஷின் போடவா, கத்திரி போடவா?"

"மெஷின். ஒரு சோத்துப் பருக்கை உயரத்துக்கு."

"ஒட்ட வெட்டணும்னு சொல்லுங்க."

கையால் அமுக்கும் முடிவெட்டும் மெஷின் அது. ஒரு பருக்கை கனத்தில் ஒரு மரச்சட்டம் இழைத்துக் கொடுத்தேன். அதைப் பலகையோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் நீட்டியதையெல்லாம் அவர் வழித்துக்கொண்டே போனார். பச்சைத் தலைகள் மழைபோலக் கொட்டின. அவர் பின்னால் பிலோமினாவும் இரண்டு பெண்களும் மொட்டையான மரங்களுக்குத் தூரிகையால் பசை தொட்டு வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்ற மூன்று பேர் பச்சை மரத்தூளை அள்ளிப் பலகைமேல் வீசினார்கள். ஒட்டியது பனையாயிற்று. ஒட்டாதது எங்கள்மேல் விழுந்தது. பன்னிரண்டு மணிக்குள் கிட்டங்கியில் பச்சை இல்லாத மனிதர் ஒருவரும் இல்லை. சீஃப் புருவம்கூடப் பச்சை. அண்ணாச்சி கீழே நின்று மேற்பார்வை பார்த்தார்: "வேய், அங்கன என் வேலியோரம் ரெண்டு விட்டுட்டீரு." வழக்கம் மாறாமல் சலூன்காரர் காட்டின் ஓரங்களில் கிருதா ஒதுக்கினார். "அது வேண்டாம் அண்ணே" என்று பிலோமினா சொல்லிச் சொல்லிச் சிரித்து, ஏணிப்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் சிரித்தேன். வேலை போகப்போகிறது என்று பயந்த நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. தப்பைச் சொல்லிவிட்டவனுக்கு உடம்பு கனமே இருக்காது. அது ஒரு சுகம். தப்புச் செய்யாதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

நாலு மணிக்கு மேற்கு மூலையில் ஒரு சிறு பகுதி மட்டும் மீதி. அங்கே வெட்டியாகிவிட்டது, தலை வைக்க நேரமில்லை. மொட்டைக் குச்சிகளாக நின்றன. விளக்குகளை ஏற்றினோம். கேப்டன் பெட்டிக்குள் போனார்.

கடலிலிருந்து வந்தார். திரும்பினார். பனங்காடு இருபுறமும் எழுந்து வந்தது. முள் நூறு, அறுபது, முப்பது. யாரும் மூச்சு விடவில்லை. இருபதுக்குக் கீழே மூக்கை நிமிர்த்தினார். சக்கரம் தொட்டது. முதல் தடவையிலேயே.

கைதட்ட எல்லாரும் பயந்தோம். பெட்டிக்குள்ளிருந்து கேப்டன் குரல் வந்தது: "அந்த மூலையில இடி விழுந்த பனை வச்சிருக்கீங்களே. ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க."

"ஆமா சார்," என்றாள் பிலோமினா, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அவர் வெளியே வந்தார். பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை தடவை பறந்திருக்கீங்க?" என்றார்.

"பறந்ததில்ல சார். ரயில்ல மதுரை வரைக்கும் போயிருக்கேன்."

"உக்காருங்க."

பச்சைத் தூளோடு அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்று அவர் பின்னால் குனிந்து நின்று காட்டினார். ஊர் எனக்குக் கீழே விரிந்தது. ஒவ்வொரு வீடும் துவரம்பருப்பு என்று எனக்குத் தெரியும். கோபுரத்தின் உள்ளே அட்டை என்று தெரியும். தெருவுக்குத் தெரு எந்தப் பெண் ஒட்டியது என்று தெரியும். இருந்தும் கடற்கரைச் சாலை கீழே நழுவியபோது எனக்கு மயக்கம் மாதிரி வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரை ஒரு பறவை இப்படித்தான் பார்த்திருக்கும் என்று நினைத்தேன். "இப்ப இறங்குங்க," என்றார் கேப்டன். கைப்பிடியை அழுத்தினேன். அளவுக்கு மேல் அழுத்திவிட்டேன். பனங்காடு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது. பாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பனந்தலைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கேப்டன் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பிடியை இழுத்தார். காடு நழுவிக் கீழே போனது.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று புரியாமல் குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் தரையை விட்டு உயர்ந்து, முழங்கால் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. பெட்டி சிமெண்டுத் தரையில் ஆணியடித்துக் கிடக்கிறது. நான் நட்ட பனை என் காலில் இடித்துவிடும் என்று காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

கேப்டன் அப்போதுதான் பேனாவை எடுத்தார். ஐந்து ஊர்களும் எங்களுக்கு வந்தன. பிலோமினா பிறகு ஒரு பட்டறைக்கே பொறுப்பாளரானாள். அன்றைய அறிக்கையைப் பல வருஷம் கழித்து நிலையத்தின் அலமாரியில் பார்த்தேன். பலகையின் நீளம், அகலம், விளக்குகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிவிட்டு, 'நம்பகத்தன்மை' என்ற கட்டத்தில் கேப்டன் ஒரே வரி எழுதியிருந்தார்: "கட்டியவரே காலைத் தூக்கினார். ஏற்றுக்கொள்ளலாம்."

உங்கள் ஊர்களில் இப்போது ஜன்னலுக்குக் கம்பிகூட இருக்கிறது. மழை பெய்தால் தெரு பளபளக்கிறது. நல்லதுதான். யாரையாவது உட்கார வைத்துப் பரிசோதிக்கும்போது மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மேஜைக்கு அடியில் குனிந்து அவர் காலைப் பாருங்கள்.